கப்பலுக்குப் போன பெட்டி

பக்கத்து வீட்டுக் கன்னையா பிரிக்ஃபீல்ட்ஸை விட்டு ஊருக்கே திரும்புகிறான். அவனுடைய இரும்புப் பெட்டியைத் தன் டாக்சியின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தான் சபாபதி. அப்போது சபாபதியின் மனைவி இராஜம்மா முறுக்குப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள்.

"கயித்த நல்லா இறுக்கிக் கட்டுங்க. உள்ள பீங்கான் சாமான் இருக்கு."

பெட்டிக்குள் இருப்பதுகூட இவளுக்குத் தெரிந்திருக்கிறது! கன்னையா தொலைந்தான் என்றிருந்த நிம்மதி போய், சபாபதிக்கு வயிறு எரிந்தது. உடையட்டும் என்று முடிச்சை வேண்டுமென்றே தளர்த்திப் போட்டான்.

கிள்ளான் சாலை வளைவில் பெட்டி சரிந்து விழுந்து வாய்பிளந்தது. வேட்டி சட்டையெல்லாம் சேற்றில் கிடந்தன. இருவரும் எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனபோது நாகப்பட்டினம் கப்பல் புறப்பட்டுவிட்டிருந்தது.

கன்னையா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சபாபதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"அடுத்த கப்பல் எப்போ?"

"அடுத்த மாசம்தாண்ணே."

"சரி லா, ஏறு. உன் வீட்டுல விட்டுடறேன்."

"வீட்டைத்தான் காலி பண்ணிச் சாவியக் குடுத்துட்டேனே." கன்னையா தயங்கினான். "கப்பல் தவறிப்போனா நம்ம வீட்டுலயே தங்கிக்கச் சொல்லி அண்ணி காலையிலயே சொன்னாங்கண்ணே."