வலிக்கு எத்தனை மார்க்?

"வலி எத்தனை மார்க் அங்கிள்? பத்துக்குச் சொல்லுங்க."

வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ், மிஸ்ஸி கஸ்தூரி, வாரம் தவறாமல் கேட்கும் கேள்விதான். இடுப்பெலும்பு வரை புற்றுநோய் பரவிக் கிடந்த மனோகரன் இத்தனை நாளும் நாலு, அஞ்சு என்று ஏதாவது சொல்லி வந்தார். இன்று சிரித்துக்கொண்டே, "கோசோங் மிஸ்ஸி, சைபர்" என்றார். "ஒண்ணுமே வலிக்கலை. அந்த மருந்தைக் கையோட எடுத்துட்டுப் போயிருங்க."

கட்டிலருகில் நின்ற மனைவி புஷ்பவள்ளி பதறிக் குறுக்கிட்டாள்.

"என்னங்க இது வீம்பு? மார்ஃபின் இல்லாம எப்படி இருப்பீங்க?"

கஸ்தூரி அந்தப் பழுப்புப் பாட்டிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கட்டினவன் மேல் என்ன கரிசனம் என்று உங்களுக்குத் தோன்றும். மலேசியாவின் செனாயில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பு முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஃபேக்டரி வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புருஷன் காலடியில் கிடக்கிறாளே, இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

கிடந்தாள், பொய்யில்லை. ஆனால் இப்போது அவள் பதறியது அவருக்காக இல்லை.

'இவர் போய்விட்டால்?' என்ற நினைப்பு வந்தாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், விரல்கள் விறைத்துக்கொள்ளும். கிளினிக்குக்குப் போக வெட்கம். சாகக் கிடப்பவர் அவர், எனக்கென்ன கேடு என்று இருந்துவிட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், அவர் குடித்தது போகக் கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று விழுங்கினாள். அரை மணி நேரத்தில் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது. உலகத்தில் எதற்குமே பயப்பட வேண்டியதில்லை என்று தோன்றியது.

மறுநாளும் ஒரு சொட்டு. அப்புறம் ஒரு மடக்கு. அப்புறம் அவர் பங்கில் பாதி. குறைந்த அளவுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் சேர்த்தாள். அவர்தான் முகம் சுளிக்காமல் குடிக்கிறாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை வந்த பயம், இப்போது மருந்து உள்ளே போகாவிட்டால் விடிந்ததுமே வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் ஒரு சத்தம் ஆரம்பித்ததும் அப்போதுதான்.

தன் பங்கைக் குடித்துவிட்டு அடுப்படி நாற்காலியில் கண்ணை மூடுவாள். சிறிது நேரத்தில் சுவருக்குள்ளிருந்து மெல்லிசாக ஓர் இழுவை வரும். குழந்தை அழுகையும் இல்லை, பூனையும் இல்லை. எழுந்து போய் அறைக்கதவைத் திறந்தால் சட்டென்று நின்றுவிடும். மனோகரன் அவளையே பார்த்தபடி சிரித்துக்கொண்டு கிடப்பார். நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் கேட்கும். அவள் மருந்து தொடாத நாளில் வீடு அமைதியாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவிடம் சொன்னதற்கு, எமன் வாசலில் வந்து நின்றால் அப்படித்தான் கேட்கும் என்று பயமுறுத்திவிட்டாள். புஷ்பவள்ளி சாம்பிராணி போட்டாள், நிலைப்படியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். சத்தம் நிற்கவில்லை. அந்தப் பயத்துக்கும் சேர்த்து இன்னொரு மடக்குக் குடித்தாள். நேற்று சாயங்காலம் அவள் கண் விழித்துப் போய்ப் பார்த்தபோது அவர் கட்டிலருகே தரையில் கிடந்தார்; உருண்டு விழுந்துவிட்டேன் என்றார், தூக்கிப் படுக்க வைத்தாள்.

இப்போது பாட்டில் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கேட்டுக்கு ஓடினாள்.

"மிஸ்ஸி, அதை மட்டும் குடுத்துட்டுப் போங்கம்மா. அவசரத்துக்கு வேணும்ல."

கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மணி நேரத்துல ஆம்புலன்ஸ் வரும்க்கா. அங்கிளுக்கு வார்டுல கட்டில் சொல்லியாச்சு."

"வலியே இல்லேன்னாரே?"

"அது உங்க முன்னாடி. காலையில போன்ல ஒன்பதுன்னார். உங்களை அசிங்கப்படுத்தாம பாட்டில் வீட்டை விட்டுப் போகணுமாம்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாக மாட்டேன், நான் வாங்கின வீட்டிலிருந்துதான் என்னைத் தூக்க வேண்டும் என்று ஆறு மாதமாக எல்லாரிடமும் சண்டை போட்ட மனிதர் அவர்.

கஸ்தூரி ஒரு கவரை நீட்டினாள். "இது உங்களுக்கு, வார்டுல காட்டற சீட்டு. திடீர்னு மார்ஃபினை நிறுத்தவும் கூடாதுக்கா, உடம்பு தாங்காது. டாக்டர் கிட்ட பேசிட்டேன். அவளையும் பாக்கறதா இருந்தாத்தான் வருவேன்னு அங்கிள் சொல்லிட்டார். ரெண்டு பேரும் வண்டியில ஏறணும்."

கவரின் மேல் புஷ்பவள்ளி என்று எழுதியிருந்தது.

அவள் மெல்ல உள்ளே வந்தாள். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. தலையணையைப் பல்லால் கடித்தபடி மனோகரன் முனகிக்கொண்டிருந்தார். சுவருக்குள் கேட்ட அதே இழுவை. அவளைப் பார்த்ததும் தலையணையை விட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே. அன்னைக்குத்தான் நீ பயமில்லாம தூங்கினே. பாக்க நல்லா இருந்துச்சு. என் வலி கூடினா கூடட்டும்னு பேசாம இருந்துட்டேன். அது என் தப்பு."

"இப்ப மட்டும் ஏங்க?"

எழுந்து உட்காரக்கூட முடியாத அந்த மனிதர் அவள் தலையில் கை வைத்தார்.

"நேத்து மத்தியானம் எத்தனை தடவை கூப்பிட்டேன், நீ எழும்பவே இல்லை. கட்டில்லேர்ந்து விழுந்து, அடுப்படி வரைக்கும் ஊர்ந்து வந்து, உன் மூக்குல விரல் வெச்சுப் பாத்தேன் புஷ்பா."