நாலாம் தொட்டி மாப்பிள்ளை

எங்கள் மருந்து ஆலையின் நாலாம் தொட்டியில் மருந்து சுரக்கும் பூஞ்சைக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. பதினொரு மணிக்குச் சர்க்கரை போகாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். சாப்பிட ஆரம்பித்தால் திரையில் ஆக்சிஜன் கோடு இறங்கும்.

நேற்று அறுவடை முடிந்து, தொட்டியைக் கழுவி, நீராவி விட்டு, காலியாகத் திறந்து வைத்தோம். இன்று பதினொன்றுக்குக் கோடு இறங்கியது.

“அக்கா, காலித் தொட்டி சாப்பிடுது!”

“சென்சார் கோளாறா இருக்கும், கழட்டு,” என்றார் மேற்பார்வையாளர் அக்கா.

கம்பி இணைப்பைத் துண்டிக்காமல் கழற்றி, மேசையில் டீ டம்ளர்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோடு இன்னும் இறங்கியது.

“மாப்பிள்ளைக்கு யாரு விருந்து வெச்சது?” என்று சிரித்துக்கொண்டே, நான் கலந்து வைத்திருந்த டீயை உறிஞ்சினார். முகம் சுளித்தார்.

“ஏம்மா, சர்க்கரையே போடலையா?”

இரண்டு கரண்டி போட்டுத்தான் கலக்கினேன். என் டீயையும் குடித்துப் பார்த்தேன். அதுவும் கசந்தது.