ஓரம் பிசிறாமல்

“போட்டோ எடிட் பண்ண மவுஸ் வேணும். மெதுவா நகர்த்தினா திரையில அம்பு தாவக் கூடாது.”

அம்பத்தூர் கம்ப்யூட்டர் கடையில் வசுமதி நான்கு மவுஸ்களைப் பிடித்துப் பார்த்துவிட்டாள். பளபளப்பான மவுஸ் பேடில் எல்லாமே வழுக்கின. துணி பேடில்தான் நினைத்த இடத்தில் நின்றன.

“அப்டி இன்னா போட்டோக்கா?” என்றான் கடைக்காரன் தயாளன்.

“ரெண்டு பேர் நிக்கிறோம். ஒருத்தரை ஓரம் பிசிறாம வெட்டி எடுக்கணும்.”

“மாமியாரையா?”

“வீட்டுக்காரரும் நானும்.”

தயாளனின் சிரிப்பு நின்றது. “மனசைத் தேத்திக்கோக்கா. பென் டிரைவைக் குடு, அந்தாளை ரெண்டே நிமிஷத்துல தூக்கிடறேன்.”

படம் திரையில் விரிந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரை. கணவனின் தோளில் வசுமதியின் கை. தயாளன் அந்த மனிதரைச் சுற்றிக் கோடு இழுக்கத் தொடங்கினான்.

“அவரை இல்ல தம்பி, என்னை. காரியத்தன்னைக்குப் படத்துக்கு மாலை போடணும். உயிரோட இருக்கறவங்க அதுல இருக்கக் கூடாதாம்.”

தயாளன் மவுஸை விட்டுவிட்டான். “நானே பதமா பண்ணித் தரேன்க்கா” என்றான்.

வசுமதி ஒரு மவுஸுக்கும் துணி பேடுக்கும் பணம் கொடுத்து, இரண்டையும் பையில் வைத்தாள்.

“வேணாம்பா. அவர் தோள்லேர்ந்து என் கையை நான்தான் எடுக்கணும்.”