தெளிவாக இருந்தபோது எழுதியது

இரண்டு வருடங்களுக்கு முன்பு மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் எபனேசர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, சட்டப்படி பதிவும் செய்து, மனைவி மெர்லினிடம் கொடுத்தார். 'எனக்குத் தூக்கம் நின்றுபோய், எனக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்ல ஆரம்பித்தால் நம்ப வேண்டாம். நான் சம்மதிக்காவிட்டாலும் மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.'

இப்போது நான்கு நாட்களாக அவர் தூங்கவில்லை. வீட்டிலிருந்த தண்ணீர்க் குழாய்களையெல்லாம் கழற்றித் துடைத்து, கூடத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார். ஐந்தாம் நாள் காலை மெர்லின் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். வண்டியில் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள்.

எபனேசர் சத்தம் போடவில்லை. அந்தத் தாளை அவளிடமிருந்து வாங்கி நிதானமாக இருமுறை படித்தார்.

"என் கையெழுத்துதான். ஆனா இதை எழுதினப்போ நான் மாத்திரை மயக்கத்துல இருந்தேன், மெர்லின். இன்னைக்குத்தான் தெளிவா இருக்கேன். என் முகத்தைப் பாரு."

அவள் பார்த்தாள். கல்யாணமான புதிதில் இருந்த முகம் அது. மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த முகம்.

"கூட்டிட்டுப் போகலாமாம்மா?" என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

அவள் தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டு, சரியென்று தலையசைத்தாள்.

எபனேசர் எதிர்க்கவில்லை. தானே செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிவரை நடந்தார். ஏறுவதற்கு முன் திரும்பி, அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்த இடத்தை விரலால் மெல்லத் தொட்டார்.

"நீயும்தான் நாலு நாளாத் தூங்கல" என்றார். "இதே மாதிரி ஒண்ணு எழுதி வை. நான் வந்ததும் வாங்கிக்கிறேன்."