கடைசிப் பள்ளம்

அந்த வீடியோ கேம் வெளிவராமல் போனதற்குக் காரணம் அதன் கடைசிப் பள்ளம். அக்கா புரோகிராம் எழுதினாள், தம்பி படம் வரைந்தான். எவ்வளவு ஓடிவந்து குதித்தாலும் குட்டி வீரன் அக்கரைக்கு ஒரு கட்டம் முன்னாலேயே விழுந்து செத்தான். “தாண்டலாம்க்கா, நான் தாண்டியிருக்கேன்” என்று தம்பி சாதித்தான். கேமை வெளியிடவிருந்த கம்பெனி நம்பவில்லை, அக்காவும் நம்பவில்லை. அந்த வாக்குவாதம் முடியாமலே ஒருநாள் தம்பி இறந்துபோனான்.

அக்காவுக்குத் தலை நரைத்த பிறகு, மிச்சமிருந்த ஒரே கேசட்டிலிருந்து ஒருவர் அதை அப்படியே வெளியிட்டார். பள்ளத்தைச் சரிசெய்ய வழியில்லை. ஊரே சிரிக்கப்போகிறது என்று வெளியீட்டு அரங்கின் கடைசி வரிசையில் அவள் தலைகுனிந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் விளையாடிய பெண் பள்ளத்தைத் தாண்டினாள். அரங்கமே விசிலடித்தது. அந்தப் பெண் கடைசி வரிசைக்கு, அக்காவிடம் ஓடிவந்தாள்.

“கலக்கிட்டீங்க மேடம்! விழப்போற நேரத்துல அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு கை வந்து தூக்குதே!”

“கையா? நான் அப்படி எதுவும் எழுதலையேம்மா.”

“சும்மா அடக்கமா பேசாதீங்க. வாங்க, நீங்களே ஆடுங்க.”

அக்கா குதித்தாள். ஒரு கட்டம் குறைந்தது. அக்கரையிலிருந்து ஒரு கை நீண்டு வீரனைப் பிடித்தது. மணிக்கட்டில், தம்பி குளிக்கும்போதுகூடக் கழற்றாத கறுப்பு வாட்ச்.

கை மேலே இழுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

“சரிடா, நீ தாண்டியிருக்கே” என்றாள் அக்கா.

அதன் பிறகுதான் தூக்கிவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.