பயனர் எண் ஏழு

அறம் சார் அந்தப் பக்கத்தை மூன்றாவது முறையாகப் படித்தார். சந்தேகமே இல்லை, கட்டுக்கதை.

பொறியியல் கல்லூரியில் அவர் நடத்தும் பாடம், தொழில்நெறியும் வடிவமைப்புச் சிந்தனையும். சர்க்யூட், கான்கிரீட் என்று மண்டை காய்ந்து வரும் பிள்ளைகள் அவர் வகுப்பில் கொஞ்சம் கண்ணயர்ந்துகொள்வார்கள். 'அறம் சார்' என்ற பட்டப்பெயர் அவர்கள் வைத்ததுதான். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

இந்த முறை மாத்திரைப் பெட்டி ஒன்றை வடிவமைக்கச் சொல்லியிருந்தார். அதற்கு முன், தனியாக இருக்கும் முதியவர்கள் பத்துப் பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்து, உட்கார்ந்து பேசி, அவர்கள் படும் பாட்டை எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. போன் நம்பர் மட்டும் ஒட்டிய கவரில் இருக்கும். அந்தக் கவரை யாரும் பிரிக்கக் கூடாது, அவர் உட்பட. விதி அவர் போட்டதுதான்.

அந்தப் பக்கத்தை எழுதிய அணியின் தலைவியை எழுந்து நிற்கச் சொன்னார். அறுபது பேர் முன்னால் உரக்க வாசித்தார்.

"பயனர் எண் ஏழு. வயது எழுபத்து நான்கு. விரல் நடுக்கத்தால் மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியவில்லை. மூன்று மாதமாக மாத்திரை போடுவதில்லை. மகன் இதே ஊரில் இருக்கிறார். அவருக்கு இது தெரியாது."

கண்ணாடியைக் கழற்றினார்.

"உள்ளூர்லயே இருக்கிற மகனுக்குத் தெரியாதாம்மா? கதை விடுறதுக்கும் ஒரு அளவு இருக்கு."

இரண்டு தடவை போய்ப் பார்த்துப் பேசியதாக அவள் சொன்னாள். யார் என்று கேட்டார். பெயரைச் சொல்ல வேண்டாமென்று அந்த அம்மா கேட்டுக்கொண்டாராம்.

அப்படியானால் மொத்த அணிக்கும் பூஜ்யம் என்றார் அறம் சார். பக்கத்திலிருந்த தோழிகள் அவள் கையைக் கிள்ளினார்கள். அவள் சற்று யோசித்தாள். அந்த வீட்டுக்குப் போனது தான் மட்டும்தான் என்றும், பூஜ்யத்தைத் தனக்கு மட்டும் போடும்படியும் கேட்டாள்.

குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் என்று எடுத்துக்கொண்டார் அவர். ஒரு பொய் எப்படிப் பிடிபடுகிறது என்று காட்டுவதும் தொழில்நெறிப் பாடம்தானே. கவரைக் கிழித்தார்.

"வேண்டாம் சார், போன் பண்ணாதீங்க," என்றாள் அவள். "எனக்கு ஜீரோவே இருக்கட்டும்."

சீட்டைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். அப்போதுதான் திரையைக் கவனித்தார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'அம்மா' என்று இருந்தது.

துண்டிக்கப் போன விரல் ஒரு நொடி தயங்கியது. அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுப்பா," என்றது குரல், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. "அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடுச்சா?"