மாடிப்படிச் சுவர்

மிஸ் ரெண்டல் காரையைத் தட்டி உதிர்த்ததும் உள்ளே கறுத்துப்போன ஓக் பலகை தெரிந்தது.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து வந்தவர். பீர் கோப்பைகளோடு நாங்கள் அவருக்குப் பின்னால் முண்டியடித்து நின்றோம்.

"ஐந்நூறு வருஷமாவது இருக்கும். இங்க புகைபோக்கி கட்டறதுக்கு முன்னாடியே படிஞ்ச கரி இது. இனிமே இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார்.

கைதட்டினோம். அப்புறம்தான் டென்சிலின் முகத்தைப் பார்த்தோம். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நாங்கள் தினமும் குடிக்க வரும் இந்த பப்பை நடத்துபவன் அவன். அந்தச் சுவரை ஒட்டித்தான் மாடிப்படி. ஒரு ஆளே தோளைச் சாய்த்துத்தான் ஏற வேண்டும். பக்கவாதம் வந்த அவன் மனைவி மெரில் போன வருஷத்திலிருந்து மாடியிலேயே கிடக்கிறாள். சுவரை இடித்துப் படியை அகலமாக்கி, அவளை நாற்காலியோடு கீழே கொண்டுவர எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். திங்கட்கிழமை கொத்தனார் வருவதாக இருந்தது.

எல்லாம் அவன் வாய் செய்த வேலை. தப்பியோடி வந்த ஒரு அரசன் இந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தான் என்று, கோடையில் வருகிற வெளியூர்க்காரர்களிடம் அளந்துகொண்டிருப்பான். ஓசியில் கிடைக்கிற சைடருக்காக, அந்த ஆப்பிள் மதுவுக்காக, நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவோம்.

அரசனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யாரோ அதை நம்பி அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். வந்து பார்த்தால், சுவர் நிஜமாகவே பழசு.

"டென்சில், சுவர் தப்பிச்சுதா?" மாடியிலிருந்து மெரில் கேட்டாள். பேச்சு குழறினாலும் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"தப்பிச்சுது."

"நான்தான் அந்த ஆபீசுக்கு ஃபோன் பண்ணி வரச்சொன்னேன். கோவிச்சுக்காத. என்னை மொத மொத இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தப்ப, ராஜா கதையைச் சொல்லி நீ காட்டினதே அந்தச் சுவரத்தான். எனக்காக அதப் போய் இடிக்கலாமா?"

அந்த அரசன் கதையை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். கைதட்டிய பாவிகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

டென்சில் படியின் அடியில் போய் நின்று மேலே பார்த்தான்.

"நல்ல காரியம் பண்ணினே, மெரில்" என்றான்.